கணவர்களின் துயரத்தை யார் சுமக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில், இன்றைய புனைகதைகளில் வரும் கணவன்மார்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தற்கால நாவல்களிலும் சிறுகதைகளிலும் கணவன் என்றாலே கொடுமைக்காரனாகவோ கையாலாகாதவனாகவோதான் வருகிறான் என்றும், ஆணாதிக்கச் சமூகத்தின் எதிர்பார்ப்புகள் பெண்களுக்கு நிகராக ஆண்களையும் நசுக்குவதை எழுத்தாளர்கள் கண்டுகொள்வதில்லை என்றும் கட்டுரையாளர் வருந்தியிருந்தார். முதல் கூற்று, நான் படித்தவரையில், உண்மையன்று. இரண்டாவது கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு, ‘நிகராக’ என்ற மீதிப் பாதியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் வசிக்கும் நான், பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் வட்டாரத் தமிழர்கள் சிலர் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒரு நாவலை எடுத்துவைத்துப் பேசுகிறோம். பெரும்பாலும் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியர். எனவே இங்கே நான் சொல்வது திறனாய்வாளரின் பேச்சன்று. கதைகளைப் படித்துவிட்டுத் தம் வீடுகளுக்குத் திரும்பிச் செல்பவர்களிடம் கேட்ட பேச்சு.

கட்டுரையாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை ஒரு வரியிலும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. கணவனின் வேதனையை அவ்வளவு நெருக்கமாக நின்று எழுதிய தமிழ் நாவல்கள் மிகச் சிலவே. 2010இல் வெளிவந்த அந்நாவலில், திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத காளியை ஊர் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி நெருக்குகிறார்கள்; அவனுக்குப் பின் நிலம் யாருக்குப் போகும் என்ற கணக்கும் பங்காளிகளிடையே ஓடிக்கொண்டிருக்கிறது. பொன்னாவின்மேல் உள்ள பிரியத்தால் இரண்டாம் கல்யாணத்தை மறுக்கும் அவன், ஊருக்குள் போவதையே குறைத்துக்கொண்டு, ஆடுமாடு கட்டும் தொண்டுப்பட்டியிலேயே அடைந்து கிடக்கிறான். ஒரு பிள்ளையைப் பெற்றுக் காட்டினால்தான் ஆண் என்று ஒப்புக்கொள்ளும் ஊரில், மனைவியை நேசிப்பதே ஒருவனுக்குத் தண்டனையாகிவிடுவதை நாவல் எவ்விதச் சத்தமும் இல்லாமல் சொல்கிறது. இந்தக் காளியைக் கொடுமைக்காரன் என்றோ கையாலாகாதவன் என்றோ யார் சொல்ல முடியும்?

ஆனால் நாவல் அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு, குழந்தை இல்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஓர் ஆணோடு கூடிக் கருத்தரிக்கலாம் என்பது நாவலில் வரும் வழக்கம். அன்றிரவு பொன்னாவை அங்கே அனுப்பிவைக்கலாம் என்ற யோசனை இருவரின் தாய்மார்களிடமிருந்தும் வருகிறது. அதைக் கேட்டுக் கலங்கும் காளி, போவாயா என்று மனைவியையே கேட்கிறான். அவன் விரும்பினால் போவதாக அவள் சொல்லிவிட, அந்தப் பதிலால் உடைந்துபோகிறான். பின்னர் அவன் சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவிடம் பொய் சொல்கிறான் அவளுடைய அண்ணன் முத்து. காளியையோ குடிக்கவைத்து வேறிடத்தில் நிறுத்திக்கொள்கிறான். எங்கள் கூட்டத்தில் இப்பகுதியைப் பற்றிய பேச்சு வந்தபோது ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் காளியின் பக்கம் நின்றார்கள். அவன் நெஞ்சு எவ்வளவு வெந்திருக்கும் என்று ஒருவர் குரல் தழுதழுக்கவே சொன்னார். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது தனக்கு என்ன பதில் வேண்டும் என்பதைக் காளி ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பைக் கணவன் தட்டிக்கழித்துவிட்டு, அவன் மனத்தில் இருப்பதை மனைவியே ஊகித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். ஊகம் தவறினால் குற்றவாளி அவள். அந்த நாவலின் முடிவு இரு விதமாகப் போகக்கூடியது என்பதால் ஆசிரியர் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றொன்றில் உயிரோடு இருந்து பொன்னாவிடம் பேச மறுக்கிறான். இரண்டிலுமே குற்றவுணர்வைச் சுமந்து நடப்பவள் பொன்னாதான்.

இதைத்தான் கட்டுரையாளர் தவறவிட்டார் என்று நினைக்கிறேன். ஊர் கணவன்மேல் ஏற்றும் பாரம் உண்மையானது. ஆனால் அது அவன் தோளில் தங்குவதில்லை. இறங்கி மனைவியின்மேல்தான் வந்து விழுகிறது. நல்ல புனைகதை இந்த இறக்கத்தைக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டு, அவனும் பாவம், இவளும் பாவம் என்று இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது இரக்கம்போலத் தோன்றினாலும் கதையைப் பாதியிலேயே மூடிவைப்பதாகும். (இடையில் ஒன்று. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அந்நாவலுக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலும், 2015 ஜனவரியில் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக ஆசிரியர் அறிவித்ததும், 2016 ஜூலையில் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. எதிர்த்தவர்களும் சரி, ஆதரித்தவர்களில் பலரும் சரி, அந்த ஒற்றை இரவைப் பற்றியே பேசினார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தைப் பற்றி அன்று பேசியவர்கள் குறைவு என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.)

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில் இந்த இறக்கம் இன்னும் கண்கூடாகத் தெரிகிறது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலில், பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாக மணந்துகொள்கிறாள். தலைமையாசிரியரான அவள் தந்தை நடேசனுக்கு அது தாங்க முடியாத மானக்கேடு. மகளோடு பேச்சையே நிறுத்திவிடுகிறார். மாமனார் வீட்டாரின் கண்ணில் தான் ஒரு பொருட்டே இல்லை என்பது ரவிக்குத் தெரிகிறது. படிப்பிலும் வசதியிலும் மனைவிக்குக் கீழே இருக்கும் கணவனை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதும் தெரிகிறது. அந்த அவமானத்தைக் குடியாகவும் அடியாகவும் அவன் வீட்டுக்குள் கொண்டுவருகிறான். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. படுக்கையில் கிடப்பது ரேவதியின் எரிந்த உடல். ரவிக்கும் தன் தரப்பைச் சொல்ல இமையம் இடம் கொடுத்திருக்கிறார், படிக்கிறவர்களால் அதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் இரண்டு ஆண்களின் மானப் பிரச்சினைக்கு எரிந்தது யாருடைய உடல் என்பதில் நாவலுக்குக் குழப்பம் ஏதும் இல்லை. மகளுக்காகப் பணத்தை அள்ளிக் கொடுக்கத் தயாராக இருக்கும் தந்தை, அந்தப் பணம் இனிச் செல்லாத நேரத்தில்தான் அதை நீட்டுகிறார் என்பதில், கணவனைப் போலவே தந்தையும் விசாரிக்கப்படுகிறார்.

கர்நாடகத்தில் இருந்துகொண்டு கன்னடக் கதைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக்கின் கதைகளில் ஒன்றில், கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்த வீட்டுக்கு வரும் மெஹ்ருனை, குடும்ப மானத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவைப்பவர்கள் அவளுடைய பிறந்த வீட்டாரே. அந்தக் கணவன் கதையில் அதிகம் பேசுவதே இல்லை. அவன் பேசத் தேவையில்லாதபடி எல்லோருமே அவனுக்காகப் பேசிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’. அந்தப் பெங்களூருக் குடும்பத்தின் செல்வம் முழுவதும் சித்தப்பாவின் மசாலா வியாபாரத்திலிருந்து வருகிறது. கதைசொல்லியான இளைஞன் பெயருக்கு நிறுவனத்தில் ஒரு பதவியில் இருக்கிறான். சம்பளம் வங்கிக் கணக்கில் தானே வந்து சேர, அவன் காபி ஹவுஸில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறான். திருமணத்துக்குப் பிறகே இது அனிதாவுக்குத் தெரியவருகிறது. உழைக்காமல் உட்கார்ந்து தின்னும் கணவனை அவள் கேள்வி கேட்கிறாள். சம்பாதிக்கும் ஆணைச் சுற்றி அவ்வீட்டின் மாமியாரும் நாத்தனாரும் எழுப்பியிருக்கும் அரணுக்குள் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சித்தப்பாவைத் தேடி வாசலுக்கு வந்த ஒரு பெண்ணை அவ்வீட்டுப் பெண்களே சேர்ந்து திட்டி விரட்டும் காட்சி இருக்கிறதே, அதைப் படித்தபின் ஆணாதிக்கம் என்பது ஆண்கள் மட்டும் நடத்தும் கடை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சம்பாதிப்பவனே ஆண் என்ற விதியால் கதைசொல்லி உள்ளுக்குள் கூசிப்போகிறான் என்பது மெய்தான். அந்தக் கூச்சத்துக்கு அவன் கண்டுபிடித்த மருந்து மௌனம். அந்த மௌனத்தின் விலை அனிதாவின் தலையில் விடிந்துவிட்டதோ என்ற அச்சத்தோடுதான் நாம் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறோம்.

இந்நாவலைப் பேசிய நாளன்று, எங்கள் குடியிருப்பில் உள்ள ஒருவரைப் பற்றி அவருடைய மனைவியே சொன்னார். ஆட்குறைப்பில் வேலை போனபின் சில மாதங்கள் அவர் தினமும் காலையில் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோரமங்களாவில் உள்ள காபிக் கடைக்குப் போய் மாலையில் திரும்பியிருக்கிறார். பக்கத்து வீட்டாருக்கும் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த மாமனாருக்கும் விஷயம் தெரிந்துவிடக் கூடாதென்று இந்த ஏற்பாடு. வீட்டில் இருந்திருந்தால் குழந்தையைப் பள்ளி வேனிலிருந்து அழைத்துவர ஒரு ஆள் கிடைத்திருக்கும். மாறாக, அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு மனைவி நான்கு மணிக்கு ஓடிவந்துகொண்டிருந்தார். இருவருமே அழுதிருப்பார்கள். ஆனால் ஓடியவர் ஒருவர்தானே?

என் பணிக்காலத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கடன் கேட்டு வரும் இளம் தம்பதியரில் மனைவியின் சம்பளம் கூடுதலாக இருப்பது பெங்களூரில் அதிசயமன்று. அப்படி வந்த ஒரு மனைவி படிவத்தின் முதல் வரியில் இயல்பாகத் தன் பெயரை எழுதிவிட்டார். கணவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்து, அதை ஒரே கோடாக அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதினார்; ஊரில் அம்மா காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார் என்று என்னிடம் தணிந்த குரலில் சொல்லவும் செய்தார். அவர் முகத்தில் அதிகாரம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல், அடித்தல் திருத்தல் இருந்தால் நீங்கள் வாங்க மாட்டீர்களே என்று இன்னொரு படிவம் கேட்டு வாங்கி, கணவர் பெயரை முதலில் வைத்து முழுவதையும் தன் கையாலேயே மறுபடி எழுதித் தந்தார். இந்தக் காட்சியைத் தமிழில் யாராவது கதையாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு சம்பளம், இருவர் பெயரிலும் மாதத் தவணை, வார இறுதியில் வந்துசேரும் பெற்றோர் என்று ஓடும் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களை நம் தீவிர இலக்கியம் இன்னும் போதுமான அளவு திரும்பிப் பார்க்கவில்லை என்பதே என் குறை. கட்டுரையாளர் குறைப்பட வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

சமையலறையைப் பற்றி அம்பை எழுதிவிட்டார், இனி என்ன இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பாக வெளிவந்தது 1988இல். இருட்டான சமையலறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தைப் பெரிதாக்கலாம் என்று மருமகள் மீனாட்சி யோசனை சொல்ல, பதிலுக்கு அங்கே துணி உலர்த்தும் கயிறுகள் கட்டப்பட்டு, கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த மலையும் மறைந்துபோகும் அந்த அஜ்மீர் வீட்டை ஒருமுறை படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சமையலறைக்குள் கிடைக்கும் சிறு அதிகாரத்தையே பற்றிக்கொண்டு வாழ்ந்துவிட்ட மாமியாரையும் மறக்க மாட்டார்கள். ஆனால் 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அவ்வேலையில் அன்று கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். எங்கள் கூட்டங்களில் இரவு எட்டு மணியைத் தாண்டினால் பெண்களின் கைபேசிகள் மட்டும் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கும். இருமல் மருந்து எந்த அலமாரியில், தோசை மாவு எந்தப் பாத்திரத்தில் என்று வீட்டிலிருந்து கேட்பார்கள். எழுதித் தீர்ந்துவிட்ட விஷயம் என்று இதைச் சொல்வது எப்படி?

கட்டுரையில் இடம்பெறாத இன்னொரு பெரும்பரப்பு உண்டு. இன்று தமிழில் மிகுதியாகப் படிக்கப்படும் புனைகதை அச்சில் வருவதன்று. கைபேசிச் செயலிகளிலும் இணையதளங்களிலும் அத்தியாயம் அத்தியாயமாக வரும் குடும்ப நாவல்கள்தாம். அவ்வகைச் செயலிகளில் பெரியதான பிரதிலிபி நிறுவனம் எங்கள் பெங்களூரிலிருந்துதான் நடத்தப்படுகிறது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; மெட்ரோ ரயிலில் என் பக்கத்தில் அமர்ந்து படித்துக்கொண்டு வருபவர்களும் பெண்களே. அவற்றுள் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் என்று ஒரு வகையே இருக்கிறது. நாயகன் ஆறடி உயரம், பெரும் தொழிலதிபர், முன்கோபி. நாயகியைக் கட்டாயத் தாலி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழிவாங்குவதற்காக வார்த்தையாலும் கையாலும் வதைத்து, நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் காய்ச்சலில் விழுந்தபின் தன் காதலை உணர்கிறான். அவள் மன்னித்துவிடுகிறாள். இவற்றைப் படிக்கும் பெண்களை ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு, தன்னை வதைத்தவன் கடைசியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் அந்த அத்தியாயம் தரும் நிறைவு எதிலிருந்து வருகிறது என்று யோசித்தால், அவர்கள் காத்திருப்பது கொடுமைக்காக அன்று, அந்த மன்னிப்புக்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. நேர் வாழ்க்கையில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதே சமயம், அந்த நாயகனுக்கு விதிக்கப்பட்டிருக்கும் இலக்கணத்தையும் பாருங்கள். அவன் கடனாளியாக இருக்கக் கூடாது; மனைவியைவிடக் குறைவாகச் சம்பாதிக்கக் கூடாது; பயப்படக் கூடாது. இந்த இலக்கணத்துக்கு ஏற்ற மாப்பிள்ளையைத்தான் தங்கள் நாளிதழின் மணமேடைப் பக்கமும் வாரந்தோறும் தேடுகிறது என்பதை ஆசிரியர் அவர்கள் பெரிய மனத்தோடு ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். கட்டுரையாளர் ஆண்களின்மேல் சுமத்தப்படும் எதிர்பார்ப்புகளைத் தேடியிருக்க வேண்டிய இடம் இந்தத் தொடர்களே. அங்கே கணவனின் அழுத்தம் மறைக்கப்படவில்லை, அது கவர்ச்சியாக்கப்பட்டிருக்கிறது.

நல்ல கணவர்களை எழுத்தாளர்கள் ஏன் படைப்பதில்லை என்ற அவருடைய கடைசிக் கேள்விக்குத் தற்காலத்தை விட்டுச் சற்றுப் பின்னே போக வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘செல்லம்மாள்’ கதையின் பிரமநாயகம் பிள்ளை, சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். நோயாளி மனைவிக்காகத் தாமே அடுப்பு மூட்டிச் சமைத்து, அவளுக்கு வேண்டியதைச் செய்துவைத்துவிட்டுக் கடைக்குப் போகிறார். அதை ஒரு தியாகமாகக் கதை எங்கும் கொண்டாடுவதில்லை. அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஊரும் உறவும் பார்க்காத ஒரு பட்டணத்து வாடகை வீட்டில்தான் அவரால் அப்படி இருக்க முடிந்தது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. அவரை நல்ல கணவர் என்று தனியே முத்திரை குத்திக் காட்ட வேண்டிய தேவை புதுமைப்பித்தனுக்கு இருக்கவில்லை. கணவன் என்ற முறையில் தமக்குக் கிடைக்க வேண்டியது என்று அவர் எதையும் கேட்டு நிற்காததால், அவருடைய வறுமையின் கசப்பு செல்லம்மாளின்மேல் இறங்காமலே போகிறது. அண்மைக் காலக் கதைகளில் இத்தகைய கணவன் ஒருவனைக் கட்டுரையாளர் கண்டுபிடித்து எழுதினால் முதலில் படிப்பவள் நானாகவே இருப்பேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இணையத் தொடர்களுள் நன்கு எழுதப்பட்ட சிலவற்றையாவது இலக்கியப் பக்கத்தில் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எழுதும் பெண்கள் தங்கள் நாளிதழின் வாசகர்களாகவும் இருக்கிறார்கள். கணவன்–மனைவி உறவை எழுதும் நாவல்களுக்கு மதிப்புரை கேட்கும்போது, ஓர் ஆணிடமும் ஒரு பெண்ணிடமும் தனித்தனியே எழுதி வாங்கி அருகருகே வெளியிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ‘மாதொருபாகன்’ பேசப்பட்ட அன்று நடந்தது தங்கள் பக்கத்திலும் நடக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.